மோட்டார்ஹோம் கழிப்பறைக்குச் சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

டோர்ட்முண்ட், செவ்வாய் காலை

அன்புள்ள தமிழ்க் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வெள்ளிக்கிழமை மாமாவும் மாமியும் நோர்வே புறப்படுகிறார்கள். கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தாள் தமிழில் எழுத வேண்டும். சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வண்டியோடு வந்தது கேசட் கழிப்பறை. இருக்கைக்கு அடியில் 20 லிட்டருக்குச் சற்றுக் குறைவான தொட்டி இருக்கும். வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து, அதை இழுத்தெடுத்துக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். நீல மருந்து விடாவிட்டால் நாற்றம். விட்டால் மருந்து வாடையும் சேர்ந்துகொள்ளும். அதோடு, சொந்தச் சுத்திகரிப்புத் தொட்டி வைத்திருக்கும் சிறிய முகாம் திடல்களில் அந்த மருந்து கலந்த கழிவை ஊற்ற விடமாட்டார்கள். மருந்து கிருமியைக் கொல்கிறது, அவர்களுடைய தொட்டியோ கிருமிகளால்தான் ஓடுகிறது.

அதனால் கேசட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று பொருத்தியிருக்கிறோம். முன்பக்கக் கிண்ணத்தில் விழும் சிறுநீர் ஒரு கானுக்குள் (கேன்) போகும். பின்பக்கம் விழுவது தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) போட்ட வாளிக்குள். மருந்து இல்லை, தண்ணீர் இல்லை. 12 வோல்ட்டில் ஒரு சின்ன விசிறி காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஜெர்மன்காரர் இதை ட்ரென்டொய்லெட்டே என்பார்கள். ட்ரென்னன் என்றால் பிரிப்பது.

இந்தக் கழிப்பறைக்கு, கானுக்கு, மேலே தூவும் தூளுக்குச் சொல் தாருங்கள். எழுபது வயது மாமிக்கும் பத்து வயது மகளுக்கும் வாசித்தவுடன் விளங்க வேண்டும்.

*

மதுரை, செவ்வாய் மாலை

அம்மா, நல்ல தேவை. ஆனால் தலைப்பிலேயே ‘மோட்டார்ஹோம்’ என்று விட்டுவிட்டால் எப்படி? ‘மனையூர்தி’ என்று முதலில் சொல்லிப் பழகுவோம். ஊர்தி சங்க காலத்துச் சொல், மனை அதைவிட எளிய சொல்.

கழிப்பறைக்கு ‘உலர்கழிப்பகம்’. நீர் விடாதது என்ற இயல்பு பெயரிலேயே வந்துவிடுகிறது. கானுக்குக் ‘கழிகலம்’. கழி என்ற வினையடியும் கலம் என்ற பழைய பெயரும் சேர்ந்த, ஓசையும் அமைந்த வினைத்தொகை. தூளுக்கு ‘மூடுதுகள்’.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். தாளில் எல்லாவற்றையும் பச்சையாக எழுத வேண்டாம். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது தொல்காப்பியம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் நம் மொழியின் பண்பு. மலம் கழிக்கப் போவதைக்கூட ‘கால்மேல் நீர் பெய்து வருதும்’ என்று சொன்னவர்கள் நாம்.

*

சென்னை, செவ்வாய் இரவு

ஐயா, கால்மேல் நீர் பெய்து வந்தால் அந்த வாளி கெட்டுவிடும். தண்ணீர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதுதான் அந்தத் தாளின் வேலையே. நான் பதினைந்து வருடமாகக் கருவிக் கையேடுகள் மொழிபெயர்க்கிறேன். படிப்பவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்தச் சொல் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வேன்.

மோட்டார்ஹோமை அப்படியே விடுங்கள். கேரவன் என்றும் எழுத வேண்டாம், தமிழ்நாட்டில் அது நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. ‘கழிகலம்’ என்றால் புறநானூற்றுக் ‘கழிகல மகடூஉ’தான் நினைவுக்கு வருகிறாள். அணிகலன் களைந்த கைம்பெண் அவள். சிறுநீர்க் கானுக்கு அந்தப் பெயர் வேண்டாமே. ‘சிறுநீர்க் கேன்’ போதும். டோர்ட்முண்ட் அக்கா கான் என்கிறார், அவர்கள் வீட்டில் அதுவே இருக்கட்டும்.

*

யாழ்ப்பாணம், புதன் காலை

மதுரை ஐயா சூத்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த நூற்பாவே ‘மறைக்குங் காலை மரீஇய தொராஅல்’. மறைத்துச் சொல்லும்போதும், வழக்கில் மருவிய, அதாவது பழகிப்போன, சொல்லுக்கு மறைப்பு வேண்டாம். உரையாசிரியர்கள் ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் என்று விலங்குகளின் மலத்துக்கான பெயர்களையே கூசாமல் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள்.

எங்களிடம் மருவிய சொல் ஒன்று இருக்கிறதே, மலசலகூடம். மலம் வேறு, சலம் (எங்கள் பேச்சில் சிறுநீர்) வேறு என்று பெயரிலேயே இரண்டையும் எண்ணிச் சொல்லும் சொல் இது. கழிப்பறையில் அந்த வேறுபாடு இல்லை. கக்கூஸ் ஒல்லாந்தர் விட்டுப்போனது. தங்கச்சி கேட்பது இரண்டையும் பிரிக்கும் கருவி. அப்படியானால் ‘மலசலம் பிரிகூடம்’ என்றால் என்ன? மாமிக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது.

*

மதுரை, புதன் காலை

மலம், சலம் இரண்டும் வடசொல். தமிழ்க் கலைச்சொல் குழுவில் இதை ஏற்க இயலாது.

*

யாழ்ப்பாணம், புதன் நண்பகல்

‘சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்’ என்று அப்பர் சுவாமிகள் பாடினாரே, அது தமிழ் இல்லையா? ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் நம் வாயில் இருக்கும் சொல்லை வெளியே நிறுத்த முடியாது. சலசல என்று ஓடுவதால் சலம் என்று கொள்ளவும் இடமுண்டு.

*

மதுரை, புதன் நண்பகல்

சலசல ஒலிக்குறிப்பு, சலம் ‘ஜல’த்திலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். தேவாரத்தைக் கழிப்பறைக்குள் கொண்டுவந்ததும் எனக்கு உவப்பில்லை.

*

திருச்சி, புதன் மாலை

பெரியவர்களுக்கு வணக்கம். நான் தமிழ் படித்தவன் இல்லை, துப்புரவுப் பொறியாளன். ‘உலர்’ என்ற அடைமொழியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் உலர் கழிப்பிடம் என்றால், மனிதர் கையால் அள்ள வேண்டிய கழிப்பிடம். அதைக் கட்டுவதையும், அள்ளுவதற்கு ஆள் வைப்பதையும் தடை செய்துதான் 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று வந்தது. சட்டம் வந்த பிறகும் ஆட்களை இறக்கிய இடங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சில சாதியார் தலையில் சுமந்த வேலைக்கு அந்தச் சொல்லோடு உறவு இருக்கிறது. புதிய கருவிக்கு அதே பெயரைச் சூட்ட நமக்கு உரிமை இல்லை.

இந்த முறை நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் மாவட்டத்து முசிறிப் பக்கம் ஸ்கோப் தொண்டு நிறுவனம் இரண்டும் பிரியும் கழிப்பறைகளை ஊர் ஊராகக் கட்டியது. பயன்படுத்துகிறவருக்குக் காசு கொடுத்த பொதுக் கழிப்பறைகூட முசிறியில் இருந்தது. ‘சூழலியல் துப்புரவு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ஈக்கோசான் என்ற பெயர்தான் பரவியது. பயன்படுத்தியதும் சாம்பல் தூவுவார்கள்.

டோர்ட்முண்ட் அக்காவுக்கு ஒரு கேள்வி. முசிறிப் பீடத்தில் கால் கழுவுவதற்கு என்றே தனி இடம் உண்டு, கழுவும் நீர் குழிக்குள் போகாது. உங்கள் வண்டியில் மாமி எங்கே கழுவுவார்? ஐரோப்பியர் தாளால் துடைப்பவர்கள். அவர்கள் வடிவமைத்த கருவியில் அந்த இடம் இருக்காது. பெயரைவிட இதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. வரும் வாடை ஒன்றில்லை, இரண்டு. புதுச் சிறுநீருக்கு அநேகமாக வாடையே கிடையாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்க உடைக்க அம்மோனியா வரும், மூக்கில் ஏறும். மலத்தில் சிறுநீரோ தண்ணீரோ சேர்ந்து காற்றுப் புகாமல் போனால் அழுகல் வேறு வகைக் கிருமிகளிடம் போய்விடும். அப்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்பைடு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் தாளில் எழுத வசதி.

*

டோர்ட்முண்ட், புதன் இரவு

திருச்சித் தம்பி, நன்றி. கழுவுவதை நான் யோசிக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள், அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நாங்கள் வீட்டில் செய்து பார்த்த வழி இது. முதலில் தாளால் துடைத்து, தாளை வாளிக்குள்ளேயே போடுவது. பிறகு நன்றாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, சின்னப் போத்தலால் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அது முன் கிண்ணத்துக்குள் விழும்படி கழுவுவது. கான் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். ஆனால் கழுவிய நீரும் அதில் சேர்வதால் அதைப் பற்றைக்குள் (புதருக்குள்) ஊற்றவே கூடாது, முகாம் திடலின் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். நின்றால் பின்பக்கம் தெறிக்கும், அதோடு எல்லாம் கெட்டது.

வாடைக்கு: அம்மோனியாவை நாங்கள் ‘நெடி’ என்போம். மிளகாய் வறுத்தாலும் நெடிதான். அழுகலுக்கு ‘நாற்றம்’. சரிதானே?

*

மதுரை, வியாழன் காலை

நெடி மிக நல்ல சொல். நாற்றம் பழைய நூல்களில் நறுமணத்துக்கும் வரும், ‘கற்பூரம் நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டாள். ஆயினும் இன்று பொருள் இறங்கிவிட்டது, ஏற்கிறேன்.

‘உலர்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பொறியாளர் தம்பி சொன்னது சொல்லாராய்ச்சிக்கு மேலான காரணம். அதற்குப் பதில் ‘பிரிகழிப்பறை’. பிரித்த, பிரிக்கின்ற, பிரிக்கும் கழிப்பறை. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

*

சென்னை, வியாழன் காலை

ஐயா, பிரி என்பது பிரிந்தது, பிரித்தது இரண்டுக்கும் பொது. பிரிகழிப்பறை என்றால் பாகம் பாகமாகக் கழன்று பிரியும் கழிப்பறை என்றும் படிக்கலாம். வண்டியில் அப்படிப்பட்டவையும் விற்கிறார்கள், மடக்கி எடுத்து வைப்பவை. ‘பிரிப்புக் கழிப்பறை’ என்றால் குழப்பம் இல்லை.

*

மதுரை, வியாழன் காலை

சுடுகாடு என்கிறோம். காடா எரிகிறது? ஆடரங்கு என்கிறோம். அரங்கா ஆடுகிறது? வினைத்தொகையில் பெயர், வினை நடக்கும் இடமாகவும் வரும். அது இந்தத் தொகையின் வளம். ‘பிரிப்புக் கழிப்பறை’ அலுவலகத் தமிழ், ஐயா. வாயில் நிற்காது.

*

பொள்ளாச்சி, வியாழன் நண்பகல்

உங்கள் இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தொழில் அந்தத் தூள் என்பதால் எழுதுகிறேன். ‘மூடுதுகள்’ வேண்டாம். இங்கே நார்க்கழிவு, நார்த்தூள், வேளாண்துறையில் தென்னை நார்க்கழிவு. யாழ்ப்பாணத்தில் தும்புத்தூள். இரண்டும் ஒரே பொருள்தான், இரண்டும் நல்ல தமிழ். எது வாயில் வருகிறதோ அதை எழுதுங்கள்.

வெளிநாட்டில் உங்களுக்குப் பெரும்பாலும் 650 கிராம் கட்டியாகக் கிடைக்கும், ஊறினால் 8, 9 லிட்டர் வரும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர் செடிக்கு. உங்கள் வேலைக்கு அதில் பாதிகூட வேண்டாம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக் கூடாது, விரலைத் திறந்ததும் உதிர வேண்டும். ஈரம் அந்தப் பதத்தில் இருந்தால்தான் மலத்தின் ஈரத்தைத் தூள் இழுக்கும், இடையில் காற்றும் நிற்கும். கொதிக்கும் தண்ணீர் விட்டு ஊற வைத்தால் சின்னப் பூச்சி வராது.

*

டோர்ட்முண்ட், வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. தாளை அச்சடித்துவிட்டேன். மேலே பிரிகழிப்பறை என்று போட்டேன். மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன், ‘எதை எதைப் பிரிக்க?’ என்று கேட்டாள். அது சரியான கேள்வி என்பதால் அதற்குக் கீழேயே விடையை எழுதினேன். முக்கியமான வரிகள்:

“முன்னால் சிறுநீர். பின்னால் மலம். இரண்டும் சேரக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்தே போகவும்.
பின்னால் போனதும் ஒரு கோப்பைத் தும்புத்தூள் தூவி மூடவும். கழுவுவதானால் துடைத்த பிறகு, முன்னால் நகர்ந்து.
நெடி அடித்தால்: கானை ஊற்றி, அலசி, ஒரு கரண்டி சிட்ரிக் அமிலம் போடவும். தினமும் ஊற்றினால் நெடி வராது.
நாற்றம் அடித்தால்: வாளிக்குள் ஈரம் போயிருக்கிறது. தூள் கூடப் போடவும், விசிறி ஓடுகிறதா என்று பார்க்கவும்.
வாளிப் பையை இறுக்கிக் கட்டி, மறுசுழற்சிக்குப் போகாத மிச்சக் குப்பையில். போகும் ஊரில் அனுமதி உண்டா என்று திடலில் முதலில் கேட்கவும்.”

மாமி வாசித்துவிட்டுச் சொன்னது: “நெடி, நாற்றம் விளங்குது. பிரிகழிப்பறை என்ன பிள்ளை, மலசலகூடம் எண்டு போடன்.”

*

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

மாமியின் வாக்கை என் வாக்கோடு சேர்த்து எண்ணவும்.

*

திருச்சி, வெள்ளி காலை

எண்ணிப் பார்த்தேன். பிரிகழிப்பறைக்கு மதுரை, டோர்ட்முண்ட், நான். மலசலம் பிரிகூடத்துக்கு இரண்டு, ஒருவர் குழுவில் இல்லாதவர். குழுவின் சொற்பட்டியலில் பிரிகழிப்பறையைச் சேர்க்கிறேன். நெடியும் நாற்றமும் எதிர்ப்பின்றி நிறைவேறின. முசிறிப் பீடத்தில் இருக்கும் கழுவும் இடத்துக்கு இன்னும் பெயர் இல்லை, அதற்குத் தனி இழை தொடங்கலாமா?

*

சென்னை, வெள்ளி காலை

தொடங்குங்கள். பட்டியலில் பிரிகழிப்பறைக்குப் பக்கத்தில் ‘பிரிப்புக் கழிப்பறை என்றும் வழங்கும்’ என்று சேர்க்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு கையேடு என் கைக்கு வருகிறது, அதில் நான் பிரிப்புக் கழிப்பறை என்றுதான் எழுதப்போகிறேன்.