சென்னை காமிக் கானில் பின்னல் பொம்மைகள் விற்க மேசை எடுக்கலாமா?

நூற்கண்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் அம்பத்தூரில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் குரோஷா ஊசியால் பொம்மைகளும் சாவிக்கொத்துகளும் பின்னி, அடுக்ககக் கண்காட்சிகளிலும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்று வருகிறேன். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ், அனிமே ரசிகர்களுக்கான விழாவான காமிக் கான் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது பார்வையாளராகப் போயிருந்தேன். தாமே வரைந்த படங்களையும் ஒட்டுப்படங்களையும் சிறு மேசைகளில் பரப்பி விற்றுக்கொண்டிருந்த கலைஞர்களைப் பார்த்ததிலிருந்து, அடுத்த முறை நானும் அப்படி ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஒரு தோழியுடன் மேசையைப் பகிர்ந்துகொண்டால், வாடகை, வண்டிக்கூலி, அலங்காரம் எல்லாம் சேர்த்து என் பங்கு 10,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஒரு சாண் உயரப் பொம்மையை இப்போது 450 ரூபாய்க்குத் தருகிறேன். எத்தனை பொம்மைகள் செய்து வைக்க வேண்டும், விலையை ஏற்றலாமா, கேட்பவர்களில் பாதிப்பேர் விரும்புகிற அனிமே (ஜப்பானிய அசைபடம்) பாத்திரங்களைப் பின்னலாமா என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஊசிமுனை:

சகோதரிக்கு வணக்கம். சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய விழாக்களில் ஆறு முறை மேசை போட்டிருக்கிறேன். மேசை எடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் 450 ரூபாய் விலையோடு தயவுசெய்து போகாதீர்கள்.

உங்கள் பொம்மைக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்றும், நூல், பஞ்சு, கண் ஆகியவற்றுக்கு 130 ரூபாய், உறைக்கும் அட்டைக்கும் 20 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். கைக்கூலியை மணிக்கு 100 ரூபாய் என்று மிகக் குறைவாகப் போட்டாலே அடக்க விலை 650 ரூபாய் வருகிறது. அதாவது நீங்கள் இப்போது ஒவ்வொரு பொம்மையிலும் உங்கள் உழைப்பில் 200 ரூபாயை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதையே 900 ரூபாய்க்கு விற்றால் 250 ரூபாய் மேசைச் செலவுக்கு வரும். நாற்பது நிமிடத்தில் முடிகிற சாவிக்கொத்துக்கு அடக்கம் ஏறத்தாழ 100 ரூபாய். அதை 200 ரூபாய்க்கு விற்றால் 100 ரூபாய் மிஞ்சும். ஆகவே, எடுத்துக்காட்டாக, 60 சாவிக்கொத்துகளும் 16 பொம்மைகளும் விற்றால் உங்கள் 10,000 ரூபாய் திரும்பி வரும். அவற்றைப் பின்ன 120 மணி நேரம் வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதம். இந்தக் கணக்கை உங்கள் உண்மையான நேரத்தை வைத்துப் போட்டுப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.

நான் பார்த்த வரையில், நுழைவுச்சீட்டுக்கு ஏற்கெனவே பணம் செலவழித்துவிட்டு வரும் கல்லூரி மாணவர்களின் கை 200, 300 ரூபாய்ப் பொருளுக்குத்தான் உடனே நீள்கிறது. பெரிய பொம்மை அவர்களை மேசைக்கு அழைத்து வருகிறது, சாவிக்கொத்து பையோடு போகிறது. எனவே பெரியவற்றைக் கண் மட்டத்துக்கு மேலே படிக்கட்டுபோல் அடுக்கி, சிறியவற்றைக் கைக்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு இருக்கட்டும், ஏனெனில் விலை கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள் ஏராளம். அரங்கில் கூட்டம் சேரும்போது கைபேசித் தொடர்பு தடுமாறும். யூபிஐ மட்டும் போதும் என்று இருந்து ஒரு முறை பிற்பகல் முழுவதும் விற்பனையை இழந்தேன். அதன் பிறகு சில்லறை இல்லாமல் நான் போவதில்லை.

வரப்பு:

பாத்திரங்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பதிப்புரிமை தொடர்பான பணியில் இருப்பவன்.

அனிமே பாத்திரத்தின் உருவத்தைப் பின்னி விற்பதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். கையால் செய்தது, நான்கே நான்கு செய்தது என்பவை விலக்கு ஆகா. ஜப்பானில் 1975 முதல் நடந்துவரும் காமிக் மார்க்கெட்டில் ரசிகர்களின் படைப்புகள் பெருமளவில் விற்கப்படுவதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதே உண்மை. அந்தப் பொறுமையை நம் ஊரில் உரிமையாக எண்ணிக்கொள்ள முடியாது.

மாறாக, நம்மிடமே தாராளமாகப் பயன்படுத்தக்கூடியவை இருக்கின்றன. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் இந்தியாவில் பதிப்புரிமை நீடிக்கிறது. கல்கி 1954இல் மறைந்தார். எனவே அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ கதையில் வரும் வந்தியத்தேவனையும் நந்தினியையும் உங்கள் கற்பனையில் பின்ன எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஓவியர்கள் வரைந்த கொண்டையையும், திரைப்படத்தில் வந்த உடையையும் அப்படியே எடுக்கக் கூடாது. அவற்றின் உரிமை தனி. யாளி, அன்னம், ஐயனார் கோயில் மண்குதிரை ஆகியவற்றைப் பின்னினால் எந்தக் கேள்வியும் எழாது. அந்த அரங்கில் அவை தனித்தும் தெரியும்.

நூற்கண்டு:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. யாளிச் சாவிக்கொத்து எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே மாதிரி பின்னத் தொடங்குகிறேன். குழந்தைகளோடு வருபவர்கள் பொம்மைகளை விளையாடக் கேட்பார்களே, அதற்கு ஏதேனும் விதி உண்டா? பெங்களூருக்கும் கொண்டுபோனால் ஜிஎஸ்டி வேண்டுமா?

கணக்கேடு:

இரண்டும் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயங்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அட்டை வரும்வரை உங்கள் பொம்மைகளை விளையாட்டுப் பொருளாக விற்காமல், பெரியவர்கள் அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொருளாக மட்டுமே செய்து, அப்படியே சொல்லியும் விற்பது நல்லது. விதி ஒருபுறம் இருக்க, கைக்குழந்தை வாயில் வைக்கக்கூடிய எதிலும் பிளாஸ்டிக் கண் பொருத்தாதீர்கள். நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெங்களூரில் இரண்டு நாள் கடை போட்டால் நிலைமை மாறுகிறது. நிலையான தொழிலிடம் இல்லாத மாநிலத்தில் தற்காலிகமாக விற்பவர், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஐந்து நாள் முன்னதாகவே பதிவுக்கு விண்ணப்பித்து, வரக்கூடிய வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு, பான் எண்ணும் ஈ-வே பில்லும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) இருந்தால், குறிப்பிட்ட விற்பனை அளவு வரை இதிலும் விலக்கு உண்டு. உங்கள் பொம்மை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஒரு கணக்காளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அமைப்பாளர்கள் தங்கள் விதிப்படி ஜிஎஸ்டி எண் கேட்கக்கூடும். மேசைக்குப் பணம் கட்டும் முன் அதை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

நூற்கண்டு:

கைவினைஞர் அட்டைக்கு நாளை விண்ணப்பிக்கிறேன். நேற்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பொம்மை பின்னினேன். ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆயிற்று. ஆகவே பொம்மையை எட்டாகக் குறைத்து, சாவிக்கொத்தைக் கூட்டி, கணக்கை மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.