பாட்டாளி நாடாளுமன்றம் போனால் கூலி உயருமா?

லயத்துக்காரன்:
அமெரிக்காவில் உழைக்கும் வர்க்கத்து வேலை பார்ப்பவர்கள் பாதிக்கு மேல். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் அத்தகைய வேலையிலிருந்து வந்தவர்கள் 100-க்கு இரண்டு பேர்கூட இல்லை என்கிறார் நிக்கலஸ் கார்ன்ஸ் என்ற ஆய்வாளர். வரி, கூலி, தொழிலாளர் நலம் என்று வந்தால் ஒரே கட்சிக்குள்ளேயே இவர்கள் போடும் வாக்கு மற்ற உறுப்பினர்களின் வாக்கிலிருந்து மாறுகிறதாம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தொகுதிக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது விடியற்காலைப் பெயர் கூப்பிடலுக்கு, நின்றவர்தான் நமக்காகப் பேச வேண்டும்.

கிராணி பேரன்:
ஏற்கமாட்டேன் அண்ணா. இவ்வூரில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தன் ரப்பர் தோட்ட முதலாளியின் மகன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். சாமிவேலு பால்மரம் சீவியவர்களின் மகன். 1974 முதல் 2008 வரை நம் நாடாளுமன்ற உறுப்பினர், நெடுங்கால அமைச்சர். அத்தனை ஆண்டுகளிலும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வரவில்லை. அவரைத் தோற்கடித்த ஜெயக்குமார் ஒரு மருத்துவர். தோட்டத் தொழிலாளர்களுக்காக நின்றார். பிறப்பை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று முறையும் தப்புகிறது.

லயத்துக்காரன்:
தம்பி, கார்ன்ஸ் எண்ணுவது பிறந்த வீட்டை அல்ல, அரசியலுக்கு முன் பார்த்த வேலையை. சாமிவேலு கட்டடக் கலைஞராகிவிட்டவர். அது கிடக்கட்டும், 222 பேர் அவையில் தனியொருவர் எதைப் புரட்டிவிட முடியும்? கூட்டமாகப் போக வேண்டும்.

செம்பனை மகள்:
எப்படிப் போவார்கள் அண்ணா? வேட்புமனுவுக்கு வைப்புத்தொகை மட்டும் 10,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அதுவும் போயிற்று. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய ஆறு மாத வருமானம். பிரசாரம் செய்யும் நாள்களில் அடுப்பு எரிய வேண்டாமா?

கிராணி பேரன்:
அக்கா சொல்லும் தடை உண்மை. ஆனாலும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை 2011இல் கொண்டுவந்தது பிரதமர் நஜிப்பின் அரசாங்கம். அவரும் ஒரு பிரதமரின் மகன்! 2008 தேர்தலில் ஆளுங்கூட்டணிக்கு விழுந்த அடிதான் காரணம் என்பது என் முடிவு. வாக்குப் பயம் இருந்தால் யார் மகனும் சட்டம் போடுவார்.

லயத்துக்காரன்:
பயம் சட்டத்தைக் கொண்டுவரும். அதன் உள்விவரத்தை யார் பார்ப்பது? குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று தொடங்கியது. 2020இல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு 1,200 ஆக்கினார்கள். அந்த எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கு 1,100தான். பால் வாளி சுமந்தவர்கள் பத்துப் பேர் அங்கே இருந்திருந்தால், எல்லைக் கல்லுக்கு அப்பால் அரிசி மலிவாக விற்கிறதா என்று கேட்காமல் விட்டிருப்பார்களா?