‘பாதகம்’: பழைய அகராதிப் பொருள் தேவை

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ‘பாதகமான சூழலில் பிறப்பது பாவத்தின் பயனா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். அரைகுறை விடை சொல்லி அவளை அனுப்ப மனமில்லை.

தமிழில் ‘பாதகம்’ தடையையும் குறிக்கும், பாவத்தையும் குறிக்கும். வடமொழியில் இவை இரு சொற்கள். சாதக பாதகத்தில் வருவது தடுத்தலைக் குறிக்கும் அடியில் பிறந்தது. சோதிடத்தில் தடை தரும் கோளைக் குறிக்கும் ‘பாதகாதிபதி’யில் வருவதும் அதுவே. பஞ்சமா பாதகத்தில் வருவதோ வீழ்தலைக் குறிக்கும் அடியினது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் வேர் கிடைத்தது. வழக்கின் வரலாறு கிடைக்கவில்லை. சோதிடரிடம் கேட்டேன், சர லக்கினத்துக்கு (மேடம், கடகம், துலாம், மகரம்) 11ஆம் இடம் பாதக இடம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். 1842இன் மானிப்பாய் அகராதி எங்கள் நூலகத்தில் இல்லை. அடுத்த வாரம் வகுப்பு.

அந்த அகராதி வைத்திருப்பவர்களே, ‘பாதகம்’ என்பதற்கு அதில் ‘தடை’ என்ற பொருளும் இருக்கிறதா?