பக்வீட் எந்த மண்ணின் பயிர்? வட்டவடையில் விளையுமா?

கோவிலூர்க்காரன் (வட்டவடை, இடுக்கி):
எங்கள் படிக்கட்டு நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் எடுத்தபின் ஏறக்குறைய மூன்று மாதம் நிலம் சும்மா கிடக்கிறது. நவராத்திரி விரதத்துக்கு வடநாட்டார் கேட்டு வாங்கும் குட்டு மாவு, பக்வீட் என்னும் பயிரிலிருந்து வருவதாக அறிகிறேன். அதன் தாயகம் எது, எங்கெங்கே விளைகிறது, இங்கே விதைக்கலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மலைச்சாரல் (போடி):
ஐயா, இது நெல், கோதுமை போன்ற புல்லினம் அன்று. சுக்கான் கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த, முக்கோண விதையுள்ள செடி. சால்வீன், மேகாங், யாங்சே ஆறுகள் அருகருகே இறங்கி ஓடும் தென்மேற்குச் சீன மலைப்பகுதியே இதன் தாயகம் என்பதற்கு, அங்கே இன்றும் தானாகவே முளைக்கும் இதன் மூதாதைச் செடி சான்று. ஜப்பானிய ஆய்வாளர் ஓனிஷி அதை 1990களின் தொடக்கத்தில் அடையாளம் காட்டினார். அங்கிருந்து கொரியா, ஜப்பான் பக்கமாகவும், மறுபுறம் மேற்கு நோக்கி ரஷ்யா, ஐரோப்பா வரையிலும் பயிர் பரவியது. இன்று விளைச்சலில் ரஷ்யாவும் சீனாவும் முன்னிற்கின்றன. உக்ரைன், போலந்து, கசகஸ்தான், பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றிலும் உண்டு. ஜப்பானியரின் சோபா நூடுல்ஸும், பிரான்சின் பிரித்தானி பகுதியில் சுடும் தோசை போன்ற பண்டமும் இந்த மாவில்தான். நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட், சிக்கிம், அருணாசலம் என இமயத்தையொட்டியே பெரும்பாலும் விளைகிறது. நீலகிரி, பழனி மலைகளிலும் ஆங்காங்கே பயிரிட்டதாகப் பழைய குறிப்புகள் உண்டு.

பலமநேர்வாசி (சித்தூர் மாவட்டம்):
எங்கள் பக்கத்தில் ஒருவர் இதைக் கோடையில் விதைத்தார். செடி இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, மணிதான் பிடிக்கவில்லை. பூக்கும் நேரத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ கருகி உதிரும் என்று பிறகு தெரிந்தது. எங்கள் சமவெளிக்கு இது ஆகாது. உங்கள் குளிரில் விதைத்துப் பார்க்கலாம்.

மலைச்சாரல் (போடி):
குளிர் வேண்டும், ஆனால் கடும் பனியில் செடி கருகிவிடும். தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகும். ஆகவே ஐப்பசி அடைமழையையும் மார்கழிப் பனியையும் தவிர்த்து, 70 முதல் 90 நாளில் அறுவடைக்கு வருமாறு விதைக்க வேண்டும். ஒரே செடியின் மகரந்தம் அதற்கே பயன்படாதாகையால் தேனீ நடமாட்டம் அவசியம். பூச்சிமருந்து அடிக்கும் முட்டைக்கோஸ் வயலை ஒட்டி விதைக்காதீர்கள். கசப்பு வகையான தார்த்தாரி பக்வீட்டுக்குத் தேனீயை நம்பும் தொல்லை இல்லை, இன்னும் உயரமான இடத்திலும் தாங்கும். ஆனால் வாங்குவோர் குறைவு. விதை எல்லாம் ஒன்றாக முற்றாது. முக்கால்வாசி கறுத்ததுமே, காலைப் பனி ஈரம் காய்வதற்குள் அறுத்துவிடுங்கள். வெயிலேறினால் மணி உதிர்ந்துவிடும். முதலில் ஒரு படிக்கட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். உமி நீக்கித் தரும் மில் அருகில் இருக்கிறதா என்பதையும் விதைக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.