நட்சத்திரம் போட்ட பத்து ரூபாய் நோட்டு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எங்களுக்குக் காய்கறிக் கடை. நேற்று ராத்திரி கல்லாவை எண்ணும்போது ஒரு பழைய பத்து ரூபாய் நோட்டு கண்ணில் பட்டது. முன்னெழுத்துக்கும் ஆறு இலக்க எண்ணுக்கும் நடுவே குட்டியாக ஒரு நட்சத்திரம். பின்பக்கம் அடியில் 2006. குறுக்கே ஒரு மடிப்பு, ஓரத்தில் லேசாக மஞ்சள் கறை.

அச்சில் பழுதாகிப்போன நோட்டுக்குப் பதிலாக வைப்பது இது. 2006-இல்தான் 10, 20, 50 ரூபாயில் ரிசர்வ் வங்கி இதைத் தொடங்கியது என்பதுவரை தெரியும். கள்ளநோட்டு என்று பயந்து சிலர் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். தாராளமாகச் செல்லும், வாங்குங்கள்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். தொடங்கிய வருஷத்து நோட்டு என்பதால் தனி மதிப்பு உண்டா, இல்லை மடிப்பு விழுந்தாலே போச்சா? கறையைத் துடைக்கலாமா, தொடாமல் விடுவதுதான் நல்லதா? நோட்டைப் போட்டு வைக்க, பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காத உறை மதுரையில் எந்தப் பக்கம் கிடைக்கும்? டவுன்ஹால் ரோடு பக்கம் யாராவது விற்கிறார்களா?

விற்கிற எண்ணம் இல்லை, மகளுக்காகச் சேர்க்கிறேன். அதனால் 'லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்பவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். அந்த மோசடி பற்றி 2021-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. சேகரிப்பில் பழக்கமுள்ள அண்ணன்மார், அக்காமார் சொன்னால் போதும். போட்டோ வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எடுத்துப் போடுகிறேன்.