"பசுமரத்தாணி போல" எங்கே பொருந்தும்?

இணுவில்பேரன்:
அம்மம்மாவின்ரை 31ஆம் நாள் கல்வெட்டில (நினைவு மலரில) பேரப்பிள்ளைகள் பக்கத்துக்கு ஒரு வரி: "அம்மம்மா சொன்ன கதைகள் எங்கள் நினைவுப் பெட்டகத்தில் பசு மரத்தாணி போல பதிந்துள்ளன." அச்சகத்துக்குக் குடுக்க முதல் கேக்கிறன், இது சரியோ? "கல்மேல் எழுத்து" எண்டு மாத்தினால் நல்லமோ?

இலக்கணக்கொப்பி:
"பசுமரத்தாணி" எண்டு சேர்த்து எழுதுங்கோ. பசுமை + மரம். "மை" கெட்டுப் பசுமரம். பிரிச்சால் மாடெண்டு வாசிப்பினம். "போலப் பதிந்துள்ளன" எண்டு ப் மிகவேணும்.

பெரிய பிழை பெட்டகம்தான். பெட்டகத்தில சேர்க்கலாம், பூட்டலாம், திறக்கலாம். ஆணி அறையிறது மரத்தில. ஒரே வரியில ரெண்டும் நிண்டால் ஒண்டை ஒண்டு வெட்டும். "எங்கள் மனங்களில்" எண்டு போடுங்கோ. படங்கள் வாற பக்கத்துக்கு "நினைவுப் பெட்டகம்" நல்ல தலைப்பு.

வேப்பங்காடு:
உவமையின்ரை உயிர் "பசு" எண்ட சொல்லிலதான். ஈரமுள்ள பச்சை மரத்தில ஆணி லேசா இறங்கும், வெடிப்பு விழாது. பிறகு மரம் பருக்கப் பருக்க ஆணியை மூடி உள்ளுக்கை இழுத்துப்போடும். மரக்காலையில (மரம் அறுக்கிற இடத்தில) வாளின்ரை பல்லை உடைக்கிறது இப்பிடி மறைஞ்ச ஆணிதான். ஆனா அறுத்த பச்சைப் பலகையில அடிச்ச ஆணி, பலகை காயக் காய இளகிப்போகும். உவமை நிக்கிற மரத்துக்குத்தான்.

அதாலை இளம் மனசு லேசா வாங்கி, வளர வளர இறுக்கிப் பிடிச்சதுக்கு இது பொருந்தும். சின்ன வயசில கேட்ட கதைக்கு அச்சொட்டு. வளர்ந்தாப் பிறகு கண்டதுக்கு "மனதை விட்டு நீங்காத" போதும். நல்லதுக்கு மட்டும் எண்டில்லை, சின்னனில பட்ட சுடுசொல்லுக்கும் சொல்லலாம்.

இலக்கணக்கொப்பி:
"கல்மேல் எழுத்து" மூதுரையில வாறது நல்லவருக்குச் செய்த உதவிக்கு. ஈரமில்லாத நெஞ்சத்தாருக்குச் செய்தது நீர்மேல் எழுத்து. "இளமையில் கல்வி சிலையில் எழுத்து" எண்ட பழமொழி இருக்கிறதாலை படிப்புக்கும் எடுக்கினம். கதைகளுக்கு அது வேண்டாம். அம்மம்மா அயலுக்குச் செய்த உதவியைச் சொல்லுற இடத்தில வையுங்கோ: "அவர் செய்த உதவிகள் எங்கள் ஊரவர் நெஞ்சில் கல்மேல் எழுத்தாய் நிற்கின்றன."

இணுவில்பேரன்:
நன்றி. "அம்மம்மா சொன்ன கதைகள் சிறுவயதிலேயே எங்கள் மனங்களில் பசுமரத்தாணி போலப் பதிந்தன" எண்டு குடுக்கிறன்.

வேப்பங்காடு:
சரி. அச்சுப்படி வந்தவுடனை "பசுமரத்தாணி" வரிமுடிவில உடைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ.