பார்த்த சாட்சி பிறழ்ந்துவிட்டால் (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னால்) பி.பி. (அரசு வக்கீல்) என்ன செய்வார்? (நாடகத்துக்காக)

குடமுருட்டிக்கரை:
கதை நடப்பது பாபநாசம் பக்கம். ஆகஸ்ட் 2024, இரவு எட்டரை மணி, வாழைக்கொல்லை ஓரம் வெட்டு. அரிவாள் குடமுருட்டியில். பார்த்த ஒரே ஆள் கூண்டேறி "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறான். பி.பி. போலீஸ் வாக்குமூலத்தை நீட்டி "இது உன் கையெழுத்துதானே?" என்று மடக்குகிறார். இது சரியா வருமா?

குமாஸ்தா மேசை:
அந்தக் கையெழுத்தை முதல்ல தூக்குங்க தம்பி. போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கவே கூடாது. நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கொடுத்த வாக்குமூலம்னா கையெழுத்து இருக்கும்.

நடப்பது இதுதான். பி.பி. எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்பார். அனுமதி கிடைத்ததும் வாக்குமூலத்தில் முரண்படும் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்பார் (கோர்ட்டில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்): "எதிரி அரிவாளோட ஓடினதைப் பார்த்தேன்னு சொன்னீங்களா?" "சொல்லலைங்க." இதோடு வேலை முடியாது. கடைசியில் வாக்குமூலத்தை எழுதிய இன்ஸ்பெக்டர் கூண்டேறும்போது, சாட்சி தன்னிடம் அப்படிச் சொன்னார் என்று அதே வரிகளை அவர் வாயால் வரவழைக்கணும். இதை விட்டால் முரண் நிரூபணம் ஆகாது. நிரூபித்தாலும், சாட்சி நம்பத்தக்கவர் இல்லை என்பதற்குத்தான் அது உதவும். கொலைக்கு ஆதாரம் ஆகாது. ஆனால் பிறழ் சாட்சி சொன்னது எல்லாமே குப்பைக்குப் போகாது. "அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் டீக்கடையில இருந்தாங்க" என்று வாய்தவறிச் சொல்லியிருந்தால் பி.பி. அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், சுத்தியல், ஜூரி ரெண்டும் நம்ம கோர்ட்டில் கிடையாது.

வெண்ணாறு:
பார்த்த சாட்சி போனால் மிச்சம் சூழ்நிலைச் சாட்சியம்தான். ஒரு கண்ணி அறுந்தாலும் எதிரி வெளியே. அந்த வருஷம் மேட்டூர் ஜூலை கடைசியில்தான் திறந்தாங்க. ஆகஸ்டில் ஆற்றில் தண்ணி ஓடுது. அரிவாள் கிடைத்தாலும் ரத்தம் கழுவிப்போயிருக்கும். அதனால் எதிரியின் சட்டை, கைலியில் இருக்கும் ரத்தக்கறையை வைத்துக் கதையை நகர்த்துங்க.

காவலில் எதிரி சொன்னதில் "மதகுகிட்ட போட்டேன், வந்தா எடுத்துத் தர்றேன்" என்ற பகுதி மட்டும் ஏற்கப்படும், அதுவும் பொருள் கிடைத்தால். "நான்தான் வெட்டினேன்" ஏறாது. மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் கையெழுத்துப் போடுவாங்க. கைப்பற்றுவதை வீடியோ எடுக்கணும்னு புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லுது. எதிர்தரப்பு முதல்ல அதைத்தான் கேட்கும். பலர் மறப்பது ஒண்ணு: பிரேத பரிசோதனை செய்த டாக்டரிடம் அரிவாளைக் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்குமா என்று கேட்பது.

மின்கம்பம்:
இரவு எட்டரைன்னா வெளிச்சம் எங்கே? போலீஸ் வரையும் சம்பவ இடத்தின் ரஃப் ஸ்கெட்சில் தெருவிளக்கும் வாழைக்கொல்லையும் இருக்கணும். அன்னைக்குக் கரண்ட் இருந்ததுன்னு சொல்ல மின்வாரிய ஊழியர் ஒருத்தரைக் கூண்டேற்றுங்க. எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். (நடுவருக்கு உடனே அனுப்பும் முதல் தகவல் அறிக்கை) நடுவர் கைக்கு எத்தனை மணிக்குப் போச்சுன்னும் பாருங்க. இடைவெளி அதிகம்னா "உட்கார்ந்து யோசிச்சு எழுதினது" என்று எதிர்தரப்பு அடிக்கும்.

குடமுருட்டிக்கரை:
கையெழுத்துக் காட்சி போச்சு. வி.ஏ.ஓ. பாத்திரம் உள்ளே வருது. மேல்முறையீடு சென்னைக்குத்தானே?

குமாஸ்தா மேசை:
பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டம், அதனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சென்னையில் காட்சி வேணும்னா கதையை மயிலாடுதுறைக்கோ திருவாரூருக்கோ நகர்த்துங்க. ஆனா அப்ப இடத்தைப் பொறுத்து ஆறும் மாறலாம்.